ஜேம்ஸ் யங் சிம்சனும் குளோரோஃபார்மும்

பெரியப்பா: கவிதா, நீ மயக்க மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்ததை அறிந்ததும் பிரசவ வலியைத் தணிக்கக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்த சிம்சனைப் பற்றி எழுதத் தோன்றியது. ஸ்காட்லாந்தில் பாத்கேட் என்ற ஊரில் ரொட்டி சுட்டு விற்றவரின் மகனாக 1811-இல் பிறந்து, 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 28 வயதில் அங்கேயே மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானவர் அவர்.

கவிதா: அப்போதே ஈதர் என்ற மயக்க மருந்து இருந்ததே பெரியப்பா, அதை ஏன் விட்டார்?

பெரியப்பா: 1847 ஜனவரியில் அவரும் ஒரு பிரசவத்தில் ஈதரைத்தான் கொடுத்தார். ஆனால் அதன் நெடி நெடுநேரம் போகாமல் நின்றது, இருமலை வரவழைத்தது, நிறையவும் தேவைப்பட்டது. ஆகவே, கீத், டங்கன் என்ற இரு உதவியாளர்களுடன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, கிடைத்த திரவங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். நவம்பர் 4 இரவு குளோரோஃபார்மை முகர்ந்ததும், மூவரும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபடியே சுருண்டு விழுந்தார்கள்.

சித்தி: படிக்கவே நெஞ்சு பதறுகிறது, அத்தான். பிரசவத்தில் அதை எப்போது கொடுத்தார்?

பெரியப்பா: நான்கே நாளில், சுதா. முதல் பிரசவத்தில் மூன்று நாள் வலியில் துடித்துக் குழந்தையையும் இழந்திருந்த ஒரு பெண்ணுக்கு, கைக்குட்டையைப் புனல்போலச் சுருட்டி, அதில் அரைத் தேக்கரண்டி அளவு ஊற்றி, மூக்கையும் வாயையும் மூடுமாறு பிடித்தார். ஏறத்தாழ 25 நிமிடங்களில் குழந்தை பிறந்துவிட்டது. கண் விழித்த தாயோ, கையில் கொடுத்த குழந்தை தன்னுடையதுதான் என்று எளிதில் நம்பவில்லை.

சித்தி: அந்த வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது.

பெரியப்பா: வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று வேதாகமம் கூறுவதைக் காட்டி எவரும் மறுக்கக்கூடும் என்பதால், ஆதாமை ஆழ்ந்து உறங்கவைத்த பிறகே கடவுள் அவனது விலா எலும்பை எடுத்தார் என்று அதே வேதாகமத்திலிருந்து எடுத்துக்காட்டி, அந்த டிசம்பரிலேயே அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

கவிதா: ஆனால், பெரியப்பா, 1848 ஜனவரியில் கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி சில நிமிடங்களில் இறந்துபோனாளே. அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சை அடைத்ததே காரணம் என்று சிம்சன் வாதிட்டார். அந்த மருந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா: நீ சொல்வது சரி, அம்மா. அளவறிந்து கொடுக்கும் முறையை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ வளர்த்தெடுத்தார். 1853-இல் விக்டோரியா அரசியின் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவரே.