பாட்டிக்குத் தெரிந்ததற்கு எதற்குக் கருதுகோள்?

ரோஸ்ஹில் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். அரசறிவியல் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வுமுறைப் பாடத்தில் ஆளுக்கொரு கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம், எழுதி வரச் சொன்னார்கள். நான் எழுதியது இது: "மொரிஷியஸில் மக்கள் சமூகம் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள்." விரிவுரையாளர் சிவப்பு மையால் கோடு போட்டு, "இது கூற்று. இதில் எது மாறுகிறது? எதோடு சேர்ந்து மாறுகிறது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்துக்கு மூன்று.

மதிப்பெண் போகட்டும். தேர்தல் வந்தால் என் பாட்டி வேட்பாளர் பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு பெயர் மேலும் விரலை வைத்து, "இது நம்ம ஆளு, இது அவங்க ஆளு" என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு பெயரிலும் தடுமாற மாட்டார். இந்தத் தீவில் கடைக்காரர் முதல் அமைச்சர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இதைச் சார்ந்த மாறி, சாரா மாறி என்று பிரித்து எழுதினால்தான் அறிவாகுமா? முதல் மூன்று வாரமும் வரையறைகள்தான் மனப்பாடம் செய்தோம். அரசியல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

மோக்கா ஆசிரியர்:

தங்கச்சி, உங்கள் விரிவுரையாளர் செய்தது சரி. மாறி என்றால் குறைந்தது இரண்டு மதிப்பாவது எடுக்க வேண்டும். வாக்குப்பதிவு விழுக்காடு தொகுதிக்குத் தொகுதி மாறும், அது மாறி. வயது ஆளுக்கு ஆள் மாறும், அதுவும் மாறி. "மக்கள் சமூகம் பார்த்து வாக்களிக்கிறார்கள்" என்பதில் மக்கள் என்றால் எல்லோரும், எப்போதும். அங்கே மாறுவதற்கு ஒன்றும் இல்லை. எந்தத் தொகுதியில் அதிகம், எதில் குறைவு? 1976 தேர்தலைவிட இப்போது கூடியிருக்கிறதா? அப்படிக் கேட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். ஒப்பிட முடியாததைப் பொய் என்று காட்டவும் முடியாது.

சொற்களை முதலில் படிப்பதில் தவறே இல்லை. நான் தமிழ் கற்றுக்கொடுப்பவன். வேற்றுமை உருபு தெரியாமலே குழந்தை பேசிவிடும். ஆனால் தன் வாக்கியத்தில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. பாட்டி பேசுகிறார். நீங்கள் பிழை கண்டுபிடிக்கப் படிக்கிறீர்கள்.

முன்னாள் முகவர்:

ஆசிரியர் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1982இல் வாக்கு எண்ணும் கூடத்தில் கட்சி முகவராக உட்கார்ந்திருந்தேன். தீவின் 20 தொகுதிகளிலும் தொகுதிக்கு மூன்று என்று மொத்தம் 60 இடம். அறுபதையும் ஒரே கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த சிவசாகர் ராம்கூலமே தோற்றார். அதே 60க்கு 0 மறுபடி 1995இல் வந்தது. 2024 நவம்பரிலும் வந்தது, நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரீக்ஸின் இரண்டு இடம் மட்டும் வேறு கட்சிக்குப் போனது. மூன்று முறையும் வென்றவர்கள் வாங்கிய வாக்கு நூற்றுக்கு அறுபதைத் தாண்டியது, எழுபதைத் தொடவில்லை. சொல்லுங்கள், எந்த மாறி இதை முன்கூட்டிச் சொன்னது? பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் பின்னால் நோபல் பரிசு வாங்கியவர். அவரே 1961இல் இந்தத் தீவைப் பார்த்துவிட்டு, மக்கள்தொகை பெருகுகிறது, வேலை இல்லை, அமைதியான வளர்ச்சிக்கு நம்பிக்கை குறைவு என்றுதான் எழுதினார். நாம் இன்னும் இருக்கிறோம்.

இன்னொன்று, இது எனக்கு வலிக்கிற இடம். நம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நான்கு பெட்டிகள்தான்: இந்து, முஸ்லிம், சீன-மொரிஷியர், இந்த மூன்றிலும் சேராதவர்களுக்கான பொது மக்கள்தொகை. தோற்ற வேட்பாளர்களில் சிலருக்குச் சமூகச் சமநிலைக்காகக் கொடுக்கும் "பெஸ்ட் லூஸர்" இடம் எட்டும் இந்தக் கணக்கில்தான் போகிறது, அதுவும் 1972 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. அதற்குப் பிறகு சமூகத்தைக் கேட்டு யாரும் எண்ணவே இல்லை. தமிழர் என்று ஒரு பெட்டியே இல்லை, இந்துவுக்குள் போட்டுவிட்டார்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் கீழே தள்ளியபோது நாம் தெருவில் இறங்கினோம், நோட்டைத் திரும்பப் பெற வைத்தோம். அந்தக் கூட்டம் உங்கள் மாறியில் எந்த மதிப்பு? இல்லாத மதிப்பு. இப்படிப்பட்ட பெட்டிகளை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுத்தால் உலகமே நான்கு பெட்டி என்று நினைத்துவிடுவார்கள். முதலில் நடந்த கதையைச் சொல்லுங்கள். சொல்லை அப்புறம் கொடுங்கள்.

மோக்கா ஆசிரியர்:

ஐயா, நீங்கள் இப்போது சொன்னதற்குப் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது: அளவீட்டுச் செல்லுபடித்தன்மை. மனத்தில் இருக்கும் கருத்து ஒன்று, அதை அளக்க எடுத்த கோல் வேறு ஒன்று. "சமூகம்" கருத்து. 1972இன் நான்கு பெட்டி அதன் ஒரு செயல்வரையறை, அதுவும் பழையது. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல உங்களுக்கு ஐம்பது வருட அனுபவம் தேவைப்பட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை, அதனால்தான் சொல்லைக் கொடுக்கிறோம்.

மீட் விஷயத்திலும் அப்படித்தான். அவர் தெளிவாகச் சொன்னதால்தான் அவர் கணிப்பு பொய்த்தது என்று இன்று உங்களால் சொல்ல முடிகிறது. "நல்லதும் நடக்கலாம் கெட்டதும் நடக்கலாம்" என்று எழுதியிருந்தால் யாரும் தப்புக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், நாமும் எதையும் கற்றிருக்க மாட்டோம்.

கரும்புக்காடு:

முகவர் ஐயா பக்கம் நான். வரையறை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்றும் சார்ந்தது எது, சாராதது எது என்று குழப்பம்.

ரெடுயி ஆய்வாளர்:

குழப்பம் தீர ஒரு வழி: எதற்கு விளக்கம் தேடுகிறோமோ அது சார்ந்த மாறி. எதை விளக்கமாக நீட்டுகிறோமோ அது சாரா மாறி. ஒரே விஷயம் ஓர் ஆய்வில் இதுவாகவும் இன்னொன்றில் அதுவாகவும் இருக்கலாம். வாக்குப்பதிவு ஏன் குறைந்தது என்று கேட்டால் அது சார்ந்தது. வாக்குப்பதிவு குறைந்ததால் யார் வென்றார் என்று கேட்டால் அதுவே சாராதது.

சரி, மாணவியின் கூற்றுக்கு வருகிறேன். அதைத் தூக்கிப் போட வேண்டாம். நம் வாக்குச்சீட்டில் மூன்று குறி போட்டே ஆக வேண்டும், இரண்டு போட்டால் சீட்டு செல்லாது. கட்சிகள் "வோட் ப்ளோக்" என்று கத்தும், மூன்றையும் எங்களுக்கே போடுங்கள் என்று. சிலர் "கூப்பே-த்ரான்ஷே" செய்வார்கள், இங்கே ஒன்று அங்கே ஒன்று. இப்போது பாருங்கள். எல்லோரும் கட்சி பார்த்துப் போட்டால், ஒரே கூட்டணியின் மூன்று வேட்பாளர்களும் ஒரே தொகுதியில் கிட்டத்தட்ட ஒரே வாக்கு வாங்க வேண்டும். ஆளையோ சமூகத்தையோ பார்த்துப் போட்டால் மூவருக்கும் நடுவே இடைவெளி விழ வேண்டும். அந்த இடைவெளியை எண்ணலாம். முடிவுகள் வேட்பாளர்வாரியாக வெளியாகின்றன.

முன்னாள் முகவர்:

இது பேச்சு. சீட்டைக் கையில் பார்த்தவன் சொல்கிறேன். நீளமான தாள். அதில் ஒரு குறி மேலே, ஒன்று நடுவில், ஒன்று அடியில், மூன்றும் ஒரே கூட்டணிக்கு இருக்கும். பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வருவதால் கட்சிக்காரர்கள் சேர்ந்து நிற்பதில்லை, சின்னத்தைத் தேடித் தேடித்தான் போட வேண்டும். அப்படித் தேடிப் போட்ட சீட்டுகள்தான் நான் பார்த்ததில் பெரும்பாலானவை. ஆனால் இன்ன சமூகத்தார் அதிகம் உள்ள தொகுதியில் இன்ன ஆள்தான் முதலில் வருவார், அதையும் பார்த்திருக்கிறேன்.

மோக்கா ஆசிரியர்:

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு குழி இருக்கிறது ஐயா. தொகுதியின் கணக்கை வைத்து ஆளின் மனத்தைச் சொல்ல முடியாது. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் இதைக் காட்டினார். அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆள் ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோருக்கு எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு அதிகமுள்ள மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் தொகுதியில் அந்த வேட்பாளருக்குப் போட்டவர்கள் பக்கத்துத் தெரு வேறு சமூகத்தாராகவும் இருக்கலாம்.

ரோஸ்ஹில் மாணவி:

முகவர் ஐயா சொன்ன எழுத்து வரிசையைப் படித்ததும் ஒன்று தோன்றியது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள். ஒரே கூட்டணி, ஒரே தொகுதி, மூன்று பேர். கட்சியும் ஒன்று, தொகுதியும் ஒன்று. மாறுவது சீட்டில் யார் மேலே, யார் கீழே என்பது. என் புதுக் கருதுகோள்: "ஒரு கூட்டணியின் மூன்று வேட்பாளர்களில் பெயர் சீட்டில் மேலே வருபவர் மற்ற இருவரைவிட அதிக வாக்குப் பெறுகிறார்." சாரா மாறி, சீட்டில் உள்ள இடம். சார்ந்த மாறி, வாக்கு எண்ணிக்கை. இரண்டாவது, மூன்றாவது பெயரைத் தேடி அலுத்தவர்கள் மேலே இருப்பதோடு நின்றுவிடுவார்கள் என்பது என் காரணம்.

ரெடுயி ஆய்வாளர்:

நன்றாக இருக்கிறது! பெயர் வரிசையின் விளைவு பற்றி அமெரிக்காவில் ஒஹாயோ முடிவுகளை வைத்து ஆய்வே செய்திருக்கிறார்கள், அங்கே பகுதிக்குப் பகுதி வரிசை சுழலும். உங்கள் காரணத்தில் ஒரு திருத்தம்: நம் ஊரில் பாதியில் நின்றால் சீட்டே செல்லாது. அதனால் அவர் நிற்பதில்லை, மூன்றாவது குறியை வேறு கூட்டணிக்கு மாற்றிப் போடுகிறார் என்று வேண்டுமானால் எழுதலாம்.

இன்மைக் கருதுகோளையும் எழுதுங்கள்: இடத்துக்கும் வாக்குக்கும் தொடர்பு இல்லை. 20 தொகுதி, இரண்டு பெரிய கூட்டணி, ஆக 40 மூவர் அணி. வெறும் தற்செயல் என்றால் மேலே உள்ளவர் முதலிடம் வாங்குவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 13 அணிகளில். 10 முதல் 16 வரை எது வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், தற்செயலே அவ்வளவு ஆடும். 20ஐத் தாண்டினால் பேசலாம். இந்த எல்லைகளை முடிவுகளைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பார்த்த பிறகு எழுதினால் மனம் கோட்டை நகர்த்திவிடும்.

முன்னாள் முகவர்:

நில்லுங்கள். பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது இந்தத் தீவில் சும்மா வருவதா? குடும்பப் பெயரே சமூகத்தைச் சொல்லிவிடும். வீராசாமி என்று இருந்தால் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், சீட்டில் அவர் அடியில்தான் இருப்பார். மேலே உள்ளவருக்கு வாக்கு கூடினால் அது இடத்துக்காகவா, பெயருக்காகவா?

மோக்கா ஆசிரியர்:

இதைத்தான் குழப்பும் மாறி என்கிறோம். மூன்று வாரப் பாடத்தை ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ரெடுயி ஆய்வாளர்:

வழி இருக்கிறது. ஒரே வேட்பாளரை இரண்டு தேர்தலில் பாருங்கள். அவர் பெயர் மாறாது. கூட நிற்பவர்கள் மாறுவார்கள். ஒரு தேர்தலில் மூவரில் மேலே இருந்தவர் அடுத்ததில் நடுவில் வருவார். ஆள் அதே, இடம் வேறு. 2019, 2024 இரண்டிலும் நின்றவர்களைத் தேடினால் போதும். கட்சித் தலைவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் எங்கே இருந்தாலும் முதலில் வருவார்கள்.

முன்னாள் முகவர்:

கூட நிற்பவர் மாறும்போது அவர் சமூகமும் மாறுமே? அதையும் யோசியுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வேட்பாளர்களை முடிவுசெய்யும் இரவில் கட்சி அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தொகுதிக்கு இன்னார் ஒருவர், இன்னார் ஒருவர், மூன்றாவது யார் என்று சமூகக் கணக்குப் பார்த்துத்தான் மூவரை நிறுத்துவார்கள். எந்தச் சமூகத்துக்காரரும் தன் ஆளைத் தேடி வேறு கூட்டணிக்குப் போக வேண்டாம் என்று செய்துவிடுவார்கள். அதனால்தான் மூவருக்கும் வாக்கு சமமாக விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஆய்வாளர், "இடைவெளி இல்லை, ஆக சமூகத்துக்கு வேலை இல்லை" என்று எழுதுவார். வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது ஐயா! எண்ணும் கூடத்துக்கு வருவதற்கு முன்பே. இதைக் கதை தெரிந்தவன்தான் சொல்ல முடியும், அதனால்தான் கதை முதலில் வேண்டும் என்கிறேன்.

ரெடுயி ஆய்வாளர்:

ஒப்புக்கொள்கிறேன். நான் கொடுத்த அளவுகோல் அந்த இடத்தில் தோற்றுப்போகிறது. கட்சிகளே மாறியை மாறவிடாமல் பிடித்துவைத்துவிட்டன. மாறாத ஒன்றின் விளைவை வாக்கு எண்ணிக்கையில் தேட முடியாது, வேட்பாளர் தேர்வில்தான் தேட வேண்டும்.

மோக்கா ஆசிரியர்:

நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு பாதி. ஐயா அனுபவத்தில் சொன்னதை நாங்கள் உடனே புரிந்துகொண்டோமே, அது அந்தச் சொற்களால்தான். முதல் வாரத்தில் வைப்பதா மூன்றாம் வாரத்தில் வைப்பதா என்பதில் என் எண்ணம் மாறவில்லை.

முன்னாள் முகவர்:

என்னுடையதும் மாறவில்லை. மகளே, நீ பாட்டியிடம் ஒன்று கேள். "நம்ம ஆளு" ஒருவர்தான் இருந்தால் மற்ற இரண்டு குறியை எங்கே போடுவார் என்று கேள்.

ரோஸ்ஹில் மாணவி:

எழுத்து வரிசைக் கருதுகோளையே எழுதிக் கொடுக்கப் போகிறேன். சமூகத்தை நான் சேர்க்கவில்லை. குடும்பப் பெயரைப் பார்த்து ஒவ்வொருவரையும் ஒரு பெட்டியில் போடும் வேலையை நானே செய்ய வேண்டியிருக்கும், அது எனக்கு மனம் ஒப்பவில்லை. 20க்கு மேல், 16க்குக் கீழ் என்ற எல்லைகளை எழுதித் தேதி போட்டுவிட்டேன். 2024 முடிவை இன்னும் திறக்கவில்லை.

பாட்டியிடம் கேட்டேன். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "முதல் குறி நம்ம ஆளுக்கு. மற்ற ரெண்டும் உங்க தாத்தா போட்ட சின்னத்துக்கு" என்றார்.