தொப்பூர் ஏற்றத்தில் மூன்று மஞ்சள் விளக்கு: ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

தொப்பூர்_ஏற்றம் (தர்மபுரி)
வணக்கம். என்னுடையது 2021 மாடல் காம்பாக்ட் கிராஸ்ஓவர். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், ஏழு கியர் டிசிடி (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றுகிற கியர்பாக்ஸ்). 58,000 கிமீ ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

போன மாதம் சேலத்தில் இருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லோடு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வந்தேன். கிளட்ச் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று மீட்டரில் வந்தது. அப்போதுதான் பார்த்தேன், ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஹில் அசிஸ்ட் மூன்றும் மஞ்சளாக எரிகின்றன. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றேன். கிளட்ச் எச்சரிக்கை போய்விட்டது. மற்ற மூன்றும் இன்றுவரை போகவில்லை.

சர்வீஸ் சென்டரில் முன் இடது சக்கர சென்சார் என்று சொல்லி 3,600 ரூபாய்க்குப் புதிது போட்டார்கள். விளக்கு அணையவில்லை. இப்போது ஏபிஎஸ் யூனிட்டே போய்விட்டது, 52,000 ஆகும் என்கிறார்கள். வாரண்டி முடிந்து ஆறு மாதம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பாலக்கோடு_டீசல்
வித்துவிடு தம்பி. என் டீசல் ஜீப் 15 வருஷம் முடிந்து ஆர்சியும் புதுப்பித்தாகிவிட்டது. மீட்டரில் மொத்தமே ஐந்து விளக்குதான், அதிலும் ஒன்று பல்ப் போய்விட்டது. தக்காளி ஏற்றுகிறேன், ஒகேனக்கல் இறக்கத்தில் இறங்குகிறேன், ஒரு நாளும் நிறுத்து என்று எனக்கு அது உத்தரவு போட்டதில்லை.

ஓசூர்_லைன்
அண்ணே, பல்ப் போனதைப் பெருமையாகச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். 2019 ஏப்ரலில் இருந்து இங்கே விற்கிற எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சும்மா ஆக்கவில்லை. இதே தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது முன்னால் போகிற லாரி திடீரென்று குறுக்கே வந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிகிறதே, அது இந்த ஏபிஎஸ் செய்கிற வேலை.

கேட்டவருக்கு: நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சென்சார் மாற்றியும் ஸ்கேனரில் அதே கோடு (குறையைச் சொல்லும் எண்) வந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது யூனிட்தான். பிரேக் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். லோக்கல் பட்டறையில் விட்டால் வயரிங்கை நறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பார்கள், அப்புறம் யார் வந்தாலும் சரிசெய்ய முடியாது.

கிருஷ்ணகிரி_பட்டறை
நான் அந்த டேப் சுற்றுகிற கூட்டம்தாங்க. பெங்களூர் ரோட்டில் சின்னப் பட்டறை, 20 வருஷ வேலை.

சார், மூன்று விளக்கு எரிந்தால் மூன்று ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். சக்கரம் நான்குக்கும் ஆளுக்கொரு வேக சென்சார் உண்டு. ஏபிஎஸ் அதைப் பார்த்துத்தான் எந்தச் சக்கரம் பூட்டுகிறது என்று தெரிந்துகொள்கிறது. வண்டி வழுக்காமல் பிடிக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அதே கணக்கைத்தான் பார்க்கிறது. ஹில் அசிஸ்ட் என்பது ஏற்றத்தில் அதே ஏபிஎஸ் யூனிட் பிரேக் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. ஒரு சென்சாரில் இருந்து கணக்கு வரவில்லை என்றால் மூன்றும் சேர்ந்து கைவிரித்துவிடும். சாதா பிரேக் வேலை செய்யும், பயம் வேண்டாம். ஆனால் மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முன் பின் சக்கரத்துக்குப் பிரேக்கைப் பங்கிடுகிற வேலையும் போயிருக்கலாம். அப்போது ஓட்டாதீர்கள்.

இரண்டு கேள்வி. ஒன்று, ஸ்கேனரில் வந்த கோடு என்ன? இரண்டு, விளக்கு எரிவதற்கு முன்னால் அந்த முன் இடது சக்கரத்தை யாராவது கழற்றினார்களா?

அரூர்_வாத்தியார்
எனக்கும் இதே ரகக் கார்தான். டச் ஸ்கிரீன் மாதம் ஒருமுறை உறைந்துபோகும், ரிவர்ஸ் கேமரா கறுப்பாக நிற்கும், முன்பக்கம் குழியில் விழுந்தால் டொக் டொக் என்று சத்தம். போன வருஷம் ஒரே நாளில் ஏழு விளக்கு எரிந்தது, கடைசியில் பேட்டரி. இவருக்கும் பேட்டரியாக இருக்குமோ?

கிருஷ்ணகிரி_பட்டறை
சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்க வாத்தியாரே, பெரிய செலவில்லை. பேட்டரி என்றால் விளக்கு கன்னாபின்னாவென்று ஊர் முழுக்க எரியும், வரும், போகும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு அதற்கென்று உள்ள பேட்டரி போட வேண்டும், விலை குறைச்சல் என்று சாதா பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். இவருக்கு ஒரே பக்கம், ஒரே கோடு. இது பேட்டரி இல்லை.

தொப்பூர்_ஏற்றம்
கோடு சி0035 என்று பில்லில் போட்டிருக்கிறது. நானும் 900 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன், அதில் குறையே இல்லை என்று வருகிறது.

சக்கரம்... ஆமாம், அன்றைக்குக் காலையில் சேலத்தில் ஒரு பட்டறையில் முன் இடது பேரிங் மாற்றினேன். 80 கிமீ வேகத்தில் ஊளையிடுகிற மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது, மாற்றியதும் நின்றுவிட்டது. வேலை சுத்தம் என்று நினைத்ததால் இதைச் சொல்லத் தோன்றவில்லை. விளக்கு பட்டறை வாசலிலேயே எரிந்ததா, தொப்பூரில்தான் எரிந்ததா என்று சத்தியமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பின்னால் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கிருஷ்ணகிரி_பட்டறை
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே சார்!

சல்லிசான ஸ்கேனர் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும், பி (P) என்று தொடங்குவது. ஏபிஎஸ் கோடு சி (C) என்று தொடங்கும், அது அதன் கண்ணில் படாது. சி0035 என்றால் முன் இடது சக்கரத்தில் இருந்து கணக்கு வரவில்லை என்று அர்த்தம், சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்தக் காலத்துப் பேரிங்கில் ஒரு பக்கம் சீல் மேலேயே காந்த வளையம் இருக்கும். பார்த்தால் கறுப்பு ரப்பர் மாதிரிதான் தெரியும். சக்கரம் சுற்றும்போது அந்தக் காந்தத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்து பிரஸ்ஸில் அடித்தாலும் பேரிங் நன்றாகச் சுற்றும், சத்தமும் வராது. சென்சாருக்கு மட்டும் எண்ண ஒன்றும் இருக்காது. நாங்கள் அடிப்பதற்கு முன்னால் குண்டூசியை வைத்துப் பார்ப்போம், ஒட்டுகிற பக்கம்தான் சென்சார் பக்கம்.

52,000 கொடுப்பதற்கு முன்னால் லைவ் டேட்டா பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை 20 கிமீ வேகத்தில் ஓட்டினால் மூன்று சக்கரம் 20 காட்டும். இது பூஜ்யம் காட்டினால் பேரிங்கைக் கழற்ற வேண்டியதுதான்.

பாலக்கோடு_டீசல்
பார்த்தீர்களா! பேரிங்கைத் திருப்பிப் போட்டாலும் என் ஜீப் ஓடும். இவர் கார் குண்டூசி ஜோசியம் பார்த்தால்தான் ஓடும்.

ஓசூர்_லைன்
திருப்பிப் போட்டது காரின் தப்பா, போட்டவர் தப்பா? உங்கள் ஜீப்பில் தப்பாகப் போட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு இருக்கிறது, நான் பேரிங் விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன். ஆனாலும் ஒன்று: பேரிங்கைப் போட்டதும் லோக்கல் பட்டறைதானே?

கிருஷ்ணகிரி_பட்டறை
லைவ் டேட்டா பார்க்காமல் சென்சார் போட்டது பெரிய சர்வீஸ் சென்டர்தானே? ஆளுக்கொன்று, சரியாகிவிட்டது.

பாலக்கோடு_டீசல்
சண்டை வேண்டாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பென்னாகரத்தில் ஒருவருக்கு இப்படி விளக்கு எரிந்தால் எங்கே போவார்? தர்மபுரியில் காந்தம் பார்க்கிற ஆள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். சேலம் 65 கிமீ, ஓசூர் அதைவிடத் தூரம். ஊரில் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாத பொருளை ஊருக்கு விற்கிறார்கள், அதுதான் என் சண்டை.

கிருஷ்ணகிரி_பட்டறை
அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. நல்ல ஸ்கேனர் வாங்கவே நான் கடன் வாங்கினேன். வருஷா வருஷம் அப்டேட்டுக்குத் தனிப் பணம்.

ஆனால் புது டீசல் வாங்கினால் தப்பிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம், சந்தை என்று டவுனுக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் விட்டால்தான் சூடேறிக் கரி எரியும்.

தொப்பூர்_ஏற்றம்
ஐந்து நாள் கழித்து வருகிறேன். கிருஷ்ணகிரிக்கே கொண்டுபோனேன் (அவர் பட்டறை இல்லை, அவர் சொன்ன இன்னொன்று). லைவ் டேட்டாவில் மூன்று சக்கரம் 20, இது பூஜ்யம். பேரிங் திருப்பித்தான் போட்டிருந்தது. கழற்றினால் பழையதைத் திரும்பப் போட முடியாது என்றார்கள், புதுப் பேரிங்கும் கூலியும் சேர்த்து 3,900. ஸ்கேனரில் அந்த சி0035 கோடு எண்ணை அழித்துக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு எல்லாம் போய்விட்டது.

ஒரு சந்தேகம். கிளட்ச் சூடானதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? இல்லை, டிசிடி தனிக் கதையா?

ஓசூர்_லைன்
இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்களுடையது எண்ணெயில் முங்காத டிரை கிளட்ச், காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. ஹில் அசிஸ்ட் இல்லாததால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டிருக்கும். அதைத் தடுக்க ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்திருப்பீர்களே?

தொப்பூர்_ஏற்றம்
ஆமாம். பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் உருண்டது. அப்படித்தான் வந்தேன்.

ஓசூர்_லைன்
அது ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் நிற்பது மாதிரிதான். கால் உங்களுடையது இல்லை, கியர்பாக்ஸ் மிதிக்கிறது, அதனால் தெரியவில்லை. லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு பிரேக்கில் நில்லுங்கள். அவன் 20 அடி போனபின் ஒரே மூச்சாகப் போங்கள். இஞ்ச் இஞ்சாக நகர்ந்தால் ஹில் அசிஸ்ட் இருந்தாலும் சூடாகும்.

அரூர்_வாத்தியார்
அந்த 3,600 ரூபாய் சென்சாருக்குப் பணம் திரும்பக் கேட்டீர்களா?

தொப்பூர்_ஏற்றம்
கேட்டேன். எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். கழற்றிய பழைய சென்சாரையாவது கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன், அது நன்றாகத்தானே இருந்தது. டேஷ்போர்டு டப்பாவில் கிடக்கிறது. சேலத்துப் பேரிங் பட்டறைக்கு வரும் சனிக்கிழமை போகிறேன், குண்டூசியோடு.

பாலக்கோடு_டீசல்
ஜீப்பில் போகலாம் வா, விளக்கே எரியாது.