பழைய 32 பிட் லேப்டாப்: ஓப்பன்பிஎஸ்டியா, நெட்பிஎஸ்டியா?

வணக்கம் நண்பர்களே. 1 ஜிபி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், பேட்டரி செத்துப்போன 32 பிட் லேப்டாப். எந்த ஓஎஸ் போடலாம்? யூனிக்ஸ் வழி வந்த இலவச பிஎஸ்டி ஓஎஸ்களுக்குள்தான் தேடுகிறேன். ஃப்ரீபிஎஸ்டி 15 இந்த வகைச் சிப்பைக் கைவிட்டுவிட்டது, அதனால் அது கணக்கில் இல்லை.

ஓப்பன்பிஎஸ்டி சுத்தமானது, மேன் பக்கங்கள் (கூடவே வரும் கையேடு) அருமை. ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் பின்னணியில் கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அதன் துண்டுகளிலிருந்து புதிதாக இணைத்து லிங்க் செய்கிறது. இவ்வளவு ரேமில் டிஸ்க் விளக்கு லேசில் அணையாது. அதைவிடப் பெரிய தலைவலி, ஜர்னலிங் (டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைப்பது) கிடையாது. கரண்ட் போனால் அடுத்த பூட்டில் டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே முழு பார்டிஷனையும் தடவும்.

நெட்பிஎஸ்டி 10இல், பார்டிஷன்களை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'ஆர்டபிள்யூ'வுக்கு (படிக்க, எழுத அனுமதி) அடுத்து ஒரு காற்புள்ளி வைத்து 'லாக்' (ஜர்னலிங்கை இயக்குவது இதுதான்) இருந்தால் போதும், சோதனை நொடிகளில் முடியும். காவல் மெட்டாடேட்டாவுக்கு (கோப்பின் பெயர், இடம் போன்ற விவரம்) மட்டும்தான். அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போனால் போனதுதான். என் சாய்வு இந்தப் பக்கம்.

தெரிய வேண்டியது இரண்டு. பிகேஜிஇன்னில் (நெட்பிஎஸ்டியில் மென்பொருள் நிறுவும் கருவி) ரெடியாகக் கிடைக்கும் எந்த பிரவுசர் 1 ஜிபியில் தாங்கும்? (சோர்ஸிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் வேண்டாம், அதற்குத் தேவையான ரஸ்ட் மொழிப் பகுதி கம்பைல் ஆகும்போதே ரேம் தீர்ந்துவிடும்.) ஓப்பன்பிஎஸ்டியில் கெர்னல் ரீலிங்க்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள் சிஸ்பேட்ச்சை (திருத்தங்களைப் போட்டு கெர்னலையும் ரீலிங்க் செய்யும் கருவி) எப்படிச் சமாளிக்கிறீர்கள்?