மன்னிக்கிற உரிமை யாருக்கு? கொரியப் படங்களில் நான் பார்த்த நரகம்

கொரிய நரகம் என்றதும் எல்லாரும் ‘ஹெல்பவுண்ட்’ தொடரைத்தான் சொல்கிறார்கள். யோன் சாங்-ஹோ எடுத்தது, 2021-ல் வந்தபோதே பார்த்துவிட்டேன். நரகத் தீர்ப்பு சொல்லப்பட்ட ஆளை மூன்று பூதங்கள் வந்து அடித்து எரித்துப் போடுவது மிரட்டல்தான், ஆனால் என் வயிற்றைக் கலக்கியது செத்தவன் கட்டாயம் பாவியாகத்தான் இருப்பான் என்று மேடை போட்டுப் பேசுகிற சபையும், அதை நம்பி வீடு புகுந்து அடிக்கிற கும்பலும்தான். பச்சைக் குழந்தைக்கும் நரகத் தீர்ப்பு வந்ததும் சபைக்காரர்கள் விளக்கம் சொல்ல முடியாமல் திணறுவார்கள்.

அதைவிட ஆழமாக என்னைத் தைத்தவை வேறு இரண்டு படங்கள். (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

முதலாவது 2017-ல் வந்த ‘அலாங் வித் த காட்ஸ்’. பணியில் இறந்த தீயணைப்பு வீரன் 49 நாளில் ஏழு நரக விசாரணைகளைத் தாண்ட வேண்டும். சோம்பலுக்குக்கூடத் தனி நரகம் உண்டு. கொரிய பௌத்தர்கள் இறந்தவருக்கு 49-ஆம் நாள் செய்கிற சடங்கிலிருந்து வந்த கணக்கு அது. கடைசி விசாரணையில் உட்கார்ந்திருப்பவர் நம்ம எமன், பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்தவர். கூட உட்கார்ந்து பார்த்த அம்மா, சித்திரகுப்தன் எங்கே என்று கேட்டார். அப்புறம் அந்தத் தலையணைக் காட்சி வந்ததும் பேச்சே இல்லை. வறுமை தாங்காமல், நோயில் படுத்திருக்கும் வாய் பேச முடியாத தாயின் முகத்தருகே, பையனாக இருந்தபோது அந்த வீரன் தலையணையைக் கொண்டுபோகிறான். அவள் விழித்துத்தான் இருந்தாள், தெரிந்தே அசையாமல் கிடந்தாள், மன்னித்தும் விட்டாள். உயிரோடு இருக்கும்போதே பாதிக்கப்பட்டவர் மனதார மன்னித்த குற்றத்தை மேலுலகம் மறுபடி விசாரிக்க முடியாது என்பது அந்தப் படத்து எமலோகச் சட்டம். அம்மா அழுதார், நானும் அழுதேன்.

இரண்டாவது லீ சாங்-டோங்கின் ‘சீக்ரெட் சன்ஷைன்’, 2007. பெற்ற மகனைக் கடத்திக் கொன்றவனை மன்னிக்க, கிறிஸ்தவ சபையில் சேர்ந்து மனதைத் தேற்றிக்கொண்ட ஒரு தாய் சிறைக்குப் போகிறாள். அவனோ தெளிந்த முகத்தோடு, கடவுள் என்னை ஏற்கெனவே மன்னித்துவிட்டார் என்கிறான். நான் மன்னிப்பதற்கு முன்னால் அவர் எப்படி மன்னிக்கலாம் என்று அவள் உடைந்து போவாள். இதற்குத்தான் ஜோன் டோ-யோனுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

இதில் நரகக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் நான் பார்த்த கொரியப் படங்களிலேயே கொடிய நரகம் அந்தச் சிறைச் சந்திப்புதான். பூதமும் நெருப்பும் வேண்டும் என்று தேடுபவர்கள் இதையும் ஒருமுறை பாருங்கள், முடிந்தால் அந்த 2017 படத்தை முதலில் பார்த்துவிட்டு. ‘சீக்ரெட் சன்ஷைன்’ தாயின் கோபம் சரி என்றே நான் நினைக்கிறேன். பார்த்தவர்கள் உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.