மாறுசுமை விரிசலும் தங்குசுமை விரிசலும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் விரிசல் வளர்வதை ஆங்கிலத்தில் ‘ஃபெட்டீக் கிராக் குரோத்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘களைப்பு விரிசல் வளர்ச்சி’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். ‘உலோகக் களைப்பு’ ஏற்கெனவே புழங்கும் சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். உலோகத்தில் விழுந்த விரிசல் ஓய்வில் ஆறாது. சூடேறிய உலோகக்கலவையிலோ நிலைமை இன்னும் மோசம்.

விமான எஞ்சின்களில் சூடான வாயுவின் விசையில் சுழலும் டர்பைன் வட்டுகள் செய்யப் பயன்படும் நிக்கல் கலவை இன்கோனெல் 718. அறை வெப்பநிலையில் அதன்மீது சுமையை ஏற்றி ஏற்றி இறக்கினால், விரிசல் பெரும்பாலும் படிக மணிகளை, அதாவது உலோகம் ஆக்கப்பட்டிருக்கும் நுண்ணிய படிகத் துகள்களை, ஊடறுத்துப் போகும். உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வரிவரியாக நுண்வரிகள் தெரியும். சீராக வளரும் கட்டத்தில் ஒரு சுமைச்சுற்றுக்கு (சுமை ஒருமுறை ஏறி இறங்குவதற்கு) ஒரு வரி என்று எண்ணியே விடலாம். அதே கலவையை 650 டிகிரி செல்சியஸில் வைத்து, உச்சச் சுமையை இறக்காமல் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் விரிசல் நுனிக்குள் புகுந்து, மணிகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளைப் பலவீனமாக்கும். விரிசல் அந்த எல்லைகள் வழியே ஓடும். ஒரு சுற்றில் வளரும் நீளம் பல மடங்காகும். இத்தனைக்கும் அந்தச் சில நிமிடங்களில் சுமை மாறவே இல்லை!

முதல் வகையைச் சுற்றுக்கு இவ்வளவு என்று அளக்கிறோம். 1963-இல் பாரிஸ், எர்டோகன் என்ற ஆய்வாளர்கள் விரிசல் வளர்ச்சிக்குத் தந்த விதியும் அப்படித்தான். இரண்டாம் வகையில் நேரம் முந்திக்கொள்கிறது. ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்: ‘மாறுசுமை விரிசல் வளர்ச்சி’, ‘தங்குசுமை விரிசல் வளர்ச்சி’.

‘மீள்சுமை’ வேண்டாம், மீள்மை எலாஸ்டிசிட்டிக்கு நிலைத்துவிட்டது. ‘சுழல்சுமை’ என்றால் வட்டு சுழல்வதைச் சொல்கிறோமோ என்று மாணவர் மயங்குவார். வளர்ச்சிக்குப் பதில் ‘பரவல்’ என்றால் ஆக்சிஜனின் பரவலோடு (டிஃப்யூஷன்) குழம்பும்.

2016 அக்டோபரில் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் புறப்பட ஓடிய போயிங் 767-இன் டர்பைன் வட்டு வெடித்துச் சிதறியது. அதுவும் இன்கோனெல் 718தான். உற்பத்தியின்போதே உள்ளே தங்கிவிட்ட குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. 15,000 சுற்று (ஒரு பறப்பு ஒரு சுற்று) அனுமதிக்கப்பட்ட வட்டு, 11,000-ஐ எட்டும் முன்பே உடைந்தது. ஒரு துண்டு 800 மீட்டருக்கும் அப்பால் ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அந்த வட்டு களைத்துப் போனது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஏறி இறங்கிய சுமை அதைப் பிளந்தது என்பதே நடந்தது.

உடைந்த முகத்தில் தெரியும் ஸ்ட்ரையேஷனுக்கு ‘நுண்வரி’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.