ஊபே ஹலாயா சாம்பல் நிறமாகிறது, கட்டியும் தட்டுகிறது: காரணம் என்ன?

கேள்வி:
வேலை நிமித்தமாக மணிலாவில் குடியிருக்கிறோம். பண்டிகை நாட்களில் இங்கு பல வீடுகளில் கிண்டும் ஊபே ஹலாயா என்னும் இனிப்பைச் செய்து பழகி வருகிறேன். ஊபே என்னும் ஊதாக் கிழங்கைத் தோல் சீவி, துண்டுகளாக்கி வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய் சேர்த்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு வாணலியில் கிளறுகிறேன். கிளறக் கிளற நிறம் சாம்பல் கலந்த நீலமாகிவிடுகிறது. நாக்கில் கட்டிகளும் தட்டுப்படுகின்றன. நிறப்பொடி சேர்க்க விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
முதலில் வாணலியை மாற்றுங்கள். கிழங்குக்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்பில் சிவப்பை நோக்கியும் சமையல் சோடா போன்றவற்றின் காரத்தன்மையில் நீலம், பச்சையை நோக்கியும் மாறக்கூடியது. இரும்போடு சேர்ந்தாலும் நீலம் பாய்ந்து கருக்கும். அடிகனமான எவர்சில்வர் பாத்திரமோ ஒட்டாத வாணலியோ போதும். தோல் சீவி வேகவைத்தால் அந்த நிறமி தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், கிழங்கைத் தோலோடு வேகவைத்துப் பிறகு உரித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கிழங்கின் சாறு சிலருக்குக் கையில் அரிப்பை உண்டாக்கும். அந்தத் தொல்லையும் இதனால் குறையும்.

கடைப் பண்டங்களின் பளிச்சென்ற ஊதாவை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு நிறமும் எசன்ஸும் சேர்க்கிறார்கள். கிழங்கிலேயே வெள்ளையில் ஊதா வரியோடியது முதல் அடர் ஊதா வரை பல வகைகள் உண்டு. போஹோல் தீவின் கினம்பாய் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் மணத்துக்கு ஈடாக எந்த எசன்ஸையும் நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி 2:
நான் யாழ்ப்பாணத்தவள். எங்கள் ராசவள்ளிக்கிழங்கும் ஊபேயும் தாவர இயலில் ஒரே இனம். அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களியாகக் காய்ச்சுவோம். கட்டிக்குக் காரணம், நடுப்பகுதி வேகாததும் ஆறிய பின் மசிப்பதுமே. கத்தி தடையின்றி இறங்கும்வரை வேகவிட்டு, சூடு தணியுமுன் துருவி, சல்லடையில் தேய்த்தெடுங்கள். தேங்காய்ப்பாலில் கிழங்கு நன்றாகக் கரைந்த பிறகே கண்டென்ஸ்டு மில்க்கை விடுங்கள். முன்பே விட்டால் அடிபிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா, ஐயாவுக்கும் நன்றி. எந்தப் பதத்தில் இறக்க வேண்டும்?

மறுமொழி 2:
சிறு தீயில் முக்கால் மணி நேரமாவது கிளற வேண்டியிருக்கும், தம்பி. அகப்பையால் இழுக்கும்போது அடிப்பாத்திரம் தெரிந்து, கலவை உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும்.