புதுப்பிப்பு: டிராக் மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது

பால்புதுமையினரின் (குயர் மக்களின்), டிராக் கலைஞர்களின் (வேறு பாலினத் தோற்றத்தில் உடையும் ஒப்பனையும் அணிந்து மேடையேறுபவர்களின்) உள்ளூர் வரலாற்றைப் பதிவு செய்யப் போய், முதல் நேர்காணல் ஒற்றை வரிப் பதில்களோடு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். கேள்வித்தாளை வைத்துவிட்டுப் பழைய புகைப்படங்களோடு போகச் சொன்னீர்கள். போனேன்.

"எந்த ஆண்டு மேடையேறினீர்கள்?" என்றபோது தயங்கியவர், படத்திலிருந்த உடையைப் பார்த்ததும் இரண்டு மணி நேரம் பேசினார். அதை யார் தைத்தது, வீட்டில் எங்கே ஒளித்துவைத்தது, ஒப்பனையை எங்கே கழுவிவிட்டு வீடு திரும்பியது... ஆண்டுகளைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் வேறு யார் சொல்வார்கள்?

ஒரு சிக்கலும் வந்தது. அவர் கதையில் நான்கு பேர் பெயரோடு வந்தார்கள். இருவர் இன்றும் தங்களை வெளிப்படுத்திக்கொள்ளாதவர்கள். சம்மதம் தந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் பொதுப் பிரதியில் அந்தப் பெயர்களை நீக்கினேன். எழுதி முடித்ததை அவருக்கே வாசித்துக் காட்டினேன். ஒரு பத்தி வேண்டாம் என்றார். எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது. எடுத்துவிட்டேன், அவருடைய வாழ்க்கை அல்லவா.

வில்லியம் டோர்சி ஸ்வானை அடிக்கடி நினைக்கிறேன். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1880களில் வாஷிங்டனில் டிராக் நடன விருந்துகள் நடத்தி, 1888-இல் கைதானார். பெரும்பாலும் நாளிதழ்ச் செய்திகள், நீதிமன்றக் காகிதங்கள் வழியாகத்தான் அவர் நமக்குக் கிடைக்கிறார். அவரைக் கைது செய்தவர்களின் சொற்கள் மிஞ்சின.

அடுத்த வாரம், அந்த உடையைத் தைத்த தோழியைச் சந்திக்கிறேன். எண்பதைத் தாண்டியவர். காதருகே உட்கார்ந்து பேச வேண்டுமாம்.